ஆதிமூலம் மாற்றிய நண்டுத் தட்டு

ஆதிமூலம் என்ற பெயரை யார் எடுத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்புறம் சிரிப்பு வரும். சிரித்து ஓய்ந்ததும் மறுபடியும் கோபம் வரும். அந்த மனிதரைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் கல்யாணத் தரகர். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கல்யாணத் தரகரைக் கூப்பிட்டுக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஆராய்ச்சி உதவியாளர்களின் எதிர்காலத்தை அவர் கையில் ஒப்படைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். அந்த உதவியாளர்களில் நானும் ஒருவன். பெயர் சக்கரபாணி. மத்தி மீனின் வயிற்றைக் கிழித்து அது கடைசியாக என்ன தின்றது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என் எதிர்காலத்தைப் பற்றி எனக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. அதற்காக ஒரு தரகரா?

எங்கள் நிலையம் புதுச்சேரியில், வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு பழைய மஞ்சள் கட்டிடத்தில் இருந்தது. பிரான்சில் உள்ள ஏதோ ஒரு சர்வகலாசாலையின் கிளை. டைரக்டர் பிரெஞ்சுக்காரர். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும், எங்களுக்கு அவர் வெறும் முசியே. ஐம்பத்து நாலில் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. மத்தி மீன்கள் அதைப் பொருட்படுத்தாமல் பழையபடியே தின்றுகொண்டிருந்தன. ஆனால் தாய்ச் சர்வகலாசாலைக்குக் கவலை வந்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது, ஒவ்வொருவரும் இந்தியாவில் ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும், அதற்கு உதவ ஓர் ஆளைப் போடு என்று முசியேவுக்கு உத்தரவு வந்தது. தவணை முடிவதற்குள் பேராசிரியர் கிடைக்காதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வேலைக்குப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். முசியே அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு ஆதிமூலத்தைக் கூப்பிட்டார். காரணம், முசியே வீட்டில் சமையல் செய்த சின்னப்பாப்பா. சின்னப்பாப்பாவின் மகளுக்கு மூல நட்சத்திரம். வாயும் காது வரைக்கும் நீளம். அந்தப் பெண்ணுக்குச் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய, மாசாமாசம் பென்ஷன் வாங்குகிற மாப்பிள்ளையைப் பிடித்துக் கட்டிவைத்தவர் ஆதிமூலம். "அந்தப் பெண்ணுக்கே இடம் பார்த்தவர் உங்களுக்குப் பார்க்க மாட்டாரா?" என்று முசியே எங்களிடம் கேட்டார்.

ஆதிமூலம் முதல் நாளே குடையும் மஞ்சள் பையுமாக வந்து, மேசைமேல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"தம்பி, ஜாதகம் கொண்டாந்திருக்கியா?"

"ஜாதகம் எதுக்குங்க? நான் ஆராய்ச்சி பண்றவன்."

"அதான் கேக்கறேன். புரபசர் ஜாதகத்தோட பொருத்தம் பாக்க வாணாமா? நாளைக்கி அவரு ஒன்னு சொல்லி, நீ ஒன்னு சொல்லி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா? வருஷக்கணக்கா அவருகிட்ட காலந்தள்ளப் போறவன் நீதான?"

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. எனக்கு எரிச்சலே அதனால்தான்.

அடுத்து எங்களையெல்லாம் ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனார். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து அதில் மத்தி மீனை அடுக்கினார் ஆதிமூலம். ஸ்டுடியோக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, இனிமேல் இந்த ஆளுக்குப் படம் எடுக்கமாட்டேன் என்றான். அந்தப் படத்தை ஆதிமூலம் எத்தனை ஊருக்குக் கொண்டுபோனாரோ தெரியாது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்து, உங்களை எங்கோ பார்த்தமாதிரி இருக்கிறதே என்றால் எனக்குப் பகீரென்கிறது.

அவர் எங்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லுகிற விதம் ஒன்று இருந்தது. கன்னியப்பன் என்று ஒருவன் எங்களோடு இருந்தான். மத்தியானம் சாப்பிட்டால் சாயங்காலம் வரை நாற்காலியிலேயே தூங்குவான். அவனைப் பற்றி, "பையன் ரொம்ப நிதானம், எதுலயும் அவசரப்படமாட்டான்" என்றார். என்னைப் பற்றி, "கோவம் வரும், மறைக்க வாணாம். ஆனா உள்ளுக்குள்ள ஒன்னும் இருக்காது" என்றார். உள்ளுக்குள் ஒன்றும் இல்லை என்று ஒரு பேராசிரியரிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? கேட்டால், "கபடு இருக்காதுன்னு சொன்னேன் தம்பி" என்று வெற்றிலையை மடித்தார்.

அதோடு விடமாட்டார். பேராசிரியரைப் பற்றியும் விசாரிப்பார். இலாகாவுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பேராசிரியரிடம் முன்னே இருந்த பிள்ளைகள் நன்றாக இருந்தார்களா, கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்களா என்று கேட்டுக்கொண்டு வருவார். எனக்கு வந்த ஒரு பெரிய இடத்தை அப்படித்தான் தட்டிவிட்டார். "பசங்க எழுதனத தன் பேர்ல போட்டுக்கற ஆளாம். அந்தச் சம்பந்தம் நமக்கு வாணாம்" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைசியில் என்னைக் காரைக்காலில் ஒரு கல்லூரியில், ஒரு சாதுவான பேராசிரியருக்குக் கீழே கட்டிவைத்தார். இன்னமும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். கன்னியப்பனுக்கு மத்தியானத்தில் தூங்குகிற ஒரு பேராசிரியரையே தேடிப் பிடித்தார். அந்த இரண்டு பேருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

இப்போது அஞ்சலாட்சியின் விஷயத்துக்கு வருகிறேன். ஆதிமூலத்தின் பெயரைச் சொன்னால் எனக்கு வருகிற சிரிப்பு அந்த விஷயத்தில் வந்த சிரிப்புதான்.

அஞ்சலாட்சி முதலியார்பேட்டை மில் தொழிலாளி கலியபெருமாளின் மகள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் பட்டணம் போய் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்களோடு வேலைக்குச் சேர்ந்தாள். எங்களிடம் பேச மாட்டாள். நண்டுகளிடம்தான் பேசுவாள். அரியாங்குப்பம் ஆறு கடலில் விழுகிற இடத்துச் சேற்றில் விரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு உண்டு. பெரிய சேற்று நண்டின் குஞ்சுதான் அது என்று முசியே முதல் மீன் விற்கிறவர்கள் வரை எல்லோரும் சொன்னோம். இல்லை, இது தனி ஜாதி என்று அவள் மட்டும் சொன்னாள். அதை நிரூபிக்க அவளுக்கு ஒரு பேராசிரியர் வேண்டும். ஐம்பத்தேழு டிசம்பரோடு அவள் தவணை முடிகிறது.

அதற்குள் பேராசிரியர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் அத்தை ராஜாம்பாள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டாள். வில்லியனூரில் ராஜாம்பாளின் மகன் அரிகிருஷ்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல பையன். நொட்டை சொல்ல ஒன்றும் இல்லை. கஷ்டமே அதுதான். "வேல இருக்கற வரைக்கும் போவட்டும். மார்கழி பொறக்கறதுக்குள்ள வந்து பூ வெச்சிட்டுப் போயிடறேன், தையில கல்யாணம். நண்டப் படிச்சது போதும், நண்டுக் கொழம்பு வெக்கத் தெரிஞ்சா சரி" என்று ராஜாம்பாள் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். கலியபெருமாள் தலையை ஆட்டினார். அவருக்கு ஆயுசில் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அதிலும் தங்கையிடம்.

ஒருநாள் காலையில் அஞ்சலாட்சி ஆதிமூலத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் பக்கத்து மேசையில் மத்தி மீனோடு இருந்தேன்.

"மாமா, எனக்கு ஒரு புரபசரப் பாத்துக் குடுங்க. இல்லன்னா பூ வெச்சிடுவாங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஆதிமூலம் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அவர் தொழிலில் பெண்கள் வந்து கல்யாணம் நடக்க வேண்டும் என்று அழுவார்கள். நிறுத்த வேண்டும் என்று ஒருத்தியும் அழுததில்லை. நிச்சயமாகப் போகிற சம்பந்தத்தைக் கலைப்பது தரகனுக்குப் பாவம். அன்று காலை முழுக்க அவர் வெற்றிலையைத் தொடவில்லை. மத்தியானத்துக்கு மேல் என்னிடம் வந்து, "தம்பி, நான் கல்யாணத்த நிறுத்தமாட்டேன். அது என் தொழில் இல்ல. பொண்ண நல்ல எடத்துல குடுக்கறதுதான் என் தொழில். எது நல்ல எடம்னு பாக்கறதும் என் தொழில்தான?" என்றார். தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் ஆமாம் என்றேன்.

நண்டு தெரிந்த பெரிய பேராசிரியர் ஒருவர்தான். இராமதாஸ் என்று பெயர். பிறந்தது ரங்கூன், படித்தது சீமை, வயதான பிரம்மச்சாரி. நண்டைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது. யார் வந்து கேட்டாலும் இடம் இல்லை என்பார். ஆதிமூலம் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். தொல்லை தாங்காமல் அவர், புதுச்சேரிக் கடலைப் பார்க்க வருகிறேன், அப்போது அந்தப் பெண்ணின் நண்டையும் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஆதிமூலம் உடனே பஞ்சாங்கத்தை எடுத்தார். மார்கழியில் நல்ல காரியம் கூடாது. ஆகவே கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தார். இடம், கலியபெருமாளின் வீடு.

"லபாரட்டரியில பாக்கக் கூடாதா?" என்று நான் கத்தினேன்.

"லபாரட்டரில சாமானைத்தான் பாப்பாரு. வீட்டுக்கு வந்தாதான் குடும்பத்தப் பாப்பாரு. நீயும் வா, இங்கிலீஷுக்கு ஒரு ஆள் வேணும்."

அதே சமயம் வில்லியனூரில் ராஜாம்பாளும் பஞ்சாங்கத்தைத்தான் எடுத்தாள். அதிலும் அதே கடைசி முகூர்த்தம்தான் இருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து நாளும் நேரமும் சொன்னபோது, கலியபெருமாள் இரண்டு பேரிடமும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். யாராவது ஒருத்தர் தாமதமாக வருவார்கள் என்று நினைத்தாராம். இதை முகூர்த்தத்தன்று காலை, பேராசிரியர் பாயில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்ன ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் சொன்னார். நான் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆதிமூலம் மட்டும் சன்னலுக்கு வெளியே தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணக் கூப்புடு" என்றார்.

அஞ்சலாட்சி வந்தாள். அவள் அம்மா பார்வதி பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தாள். வலது கையில் காப்பி. இடது கையில் நிலையத்து எனாமல் தட்டு, அதில் கொஞ்சம் உப்புத் தண்ணீர், நடுவில் அந்த நகம் அளவு நண்டு. பேராசிரியர் காப்பியை விட்டுவிட்டு எனாமல் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சன்னல் முழுக்கத் தெருப் பெண்கள்.

ஆதிமூலத்துக்கு வாய்ப்பழக்கம் வந்துவிட்டது. "பொண்ணு சமையல், தையல், எல்லாம்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "மைக்ராஸ்கோப் நல்லாப் பாப்பாங்க" என்று முடித்தார்.

"இது சேற்று நண்டின் குஞ்சு அல்லவா?" என்றார் பேராசிரியர். அவர் தமிழ் பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரி இருக்கும்.

"இல்லீங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி. அதுவரை பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்றிருந்தாள். நண்டைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டாள். "திருப்பிப் பாருங்க. வயித்துல சினை வெச்சிருக்குது. குஞ்சு சினை வெக்குமா?"

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நண்டைத் திருப்பினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பஜ்ஜி ஆறிப்போனது. கடைசியில் அவர் நிமிர்ந்தபோது அந்தக் கிழவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

"என்னாங்க, புடிச்சிருக்குதா?" என்றார் ஆதிமூலம்.

"மிகவும் பிடித்திருக்கிறது."

"அப்பறம் என்னா?"

"ஆனால் என்னிடம் இடம் இல்லையே. அடுத்த ஆண்டு பார்க்கலாம். அல்லது அதற்கு அடுத்த ஆண்டு."

அடுத்த ஆண்டு அவள் வில்லியனூரில் இருப்பாள். அஞ்சலாட்சி சுவரோரமாகப் போய் நின்றாள். எனக்கு அந்தப் பேராசிரியரை இரண்டு சாத்து சாத்தலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் புஸ்புஸ் வண்டி வந்து நின்றது. ஆள் தள்ளிக்கொண்டு வருகிற அந்த வண்டியிலிருந்து ராஜாம்பாள் பூக்கூடையோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சைக்கிளில் அரிகிருஷ்ணன்.

கூடத்து மூலையில் தாம்பூலத் தட்டு ஒன்று தயாராக இருந்தது. வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பூ, குங்குமம் எல்லாம் ராஜாம்பாளுக்காகப் பார்வதி எடுத்து வைத்தது. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் பேச்சே கிடையாது. ஆதிமூலம் பாய்ந்து போய் அந்தத் தட்டை எடுத்துக் கலியபெருமாள் கையில் கொடுத்தார். "குடுங்க, குடுங்க, நேரம் போவுது" என்று அவரைப் பேராசிரியர் முன்னால் தள்ளினார். கலியபெருமாள் வழக்கம்போல மறுக்கத் தெரியாமல் தட்டை நீட்டினார். பேராசிரியர் மரியாதை தெரிந்தவர். யாராவது எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சீமையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் எழுந்தபோது மடியிலிருந்து எடுத்த எனாமல் தட்டை ஆதிமூலம் கலியபெருமாளின் காலியான கைகளில் வைத்தார்.

"தட்டு மாத்தியாச்சி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார் ஆதிமூலம். சன்னலில் இருந்த ஒரு பெண் என்ன ஏது என்று கேட்காமல் குலவை போட்டுவிட்டாள்.

ராஜாம்பாள் வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றாள்.

"என்னாண்ணே இது? யாரு கூடத் தட்டு மாத்தன? இந்தக் கெழவன் கூடவா?"

பேராசிரியர் இராமதாசுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "ஐயோ! நான் திருமணம் செய்துகொள்ள வரவில்லை! நான் நண்டைப் பார்க்கத்தான் வந்தேன்!" என்று அலறினார். தட்டைக் கீழே வைக்கப் போனார். ஆதிமூலம் வைக்க விடவில்லை.

"அவரு கூட இல்ல தாயே. யூனிவர்சிட்டி கூட. இவரு யூனிவர்சிட்டிக்குப் பெரியவரு, அதான் அவரு கையில குடுத்தோம்" என்றார் ராஜாம்பாளிடம். பிறகு பேராசிரியரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "தெருவே பாத்துச்சிங்க. இப்ப நீங்க தட்டத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, இந்தப் பொண்ண நாளைக்கி எவன் கட்டுவான், எந்தப் புரபசர்தான் சேத்துக்குவான்?" என்றார்.

"அதெல்லாம் செல்லாது" என்றாள் ராஜாம்பாள். "அண்ணே, அந்தத் தட்டக் கீழ வை. நான் பூ வெக்கணும்."

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தோம். ஆயுசில் யாருக்கும் முடியாது என்று சொல்லாத மனிதர். அவர் கையில் எனாமல் தட்டு. உள்ளே நண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அவர் தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அஞ்சலாட்சி சுவரோரத்தில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு மாத்தியாச்சி ராஜாம்பா" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "குடுத்த வாக்கு குடுத்ததுதான். நான் கீழ வெக்கமாட்டேன்."

"அப்ப இனிமே இந்த வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்" என்று ராஜாம்பாள் பூக்கூடையோடு திரும்பினாள். அரிகிருஷ்ணன் மாமன் கையிலிருந்த தட்டை எட்டிப் பார்த்து, "இவ்ளோ சின்னதா இருக்குதே மாமா, கொழம்புக்கு ஆவாதே" என்றான். பிறகு இரண்டு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினான்.

பேராசிரியர் தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டு, நண்டுத் தட்டோடு அழுகிற மனிதரைப் பார்த்தார். "ஜனவரியில் அனுப்புங்கள். இடத்தை நான் எப்படியாவது உண்டாக்கிக்கொள்கிறேன்" என்றார். பின்பு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார்.

ஆதிமூலம் கலைத்ததைக் கட்டிக்கொடுக்காமல் விடுகிறவர் இல்லை. தையிலேயே அரிகிருஷ்ணனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார். தரகு வாங்கவில்லை. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் ராஜாம்பாள் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. கலியபெருமாளுக்கு அது ஆறாத புண்ணாக இருந்தது. ஒரே தங்கை.

தட்டு மாற்றியாயிற்று என்றால் அவருக்கு எல்லாம் மாற்றியாயிற்றுதான். மகளை ரயிலேற்றும்போது குத்துவிளக்கு, அண்டா, குண்டான், பாய், தலையணை என்று சீர்வரிசை முழுவதும் கூடவே ஏற்றினார். அத்தனையும் சர்வகலாசாலை விடுதிக்குப் போனது. அழைத்துப்போக வந்திருந்த பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு கலங்காம பாத்துக்குங்க சம்பந்தி" என்று ஸ்டேஷனில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பேராசிரியரும் எதற்கென்று தெரியாமல் அழுதார். அந்த வருஷம் தலைதீபாவளிக்கு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து, பட்டுக்கரை வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். போகப்போகப் பேராசிரியருக்கே பழகிவிட்டது. தன் இலாகாவில், "அது சம்பந்தி வீட்டைக் கேட்காமல் முடியாது" என்று சொல்லத் தொடங்கினார் என்று கேள்வி.

வருஷம் திரும்பியதும் கலியபெருமாள் ஆதிமூலத்தைப் பார்க்கும்போதெல்லாம், "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்பார். ஆதிமூலம் முகத்தைக் கோணாமல், "எடுத்த எடுப்புல ஆவுமா? நண்டு சமாச்சாரம், நாளாவும்" என்பார். நான் காரைக்காலிலிருந்து வரும்போது இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன். அறுபத்தொன்றில், பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது, இனி உட்கார்ந்து ஆய்வேட்டை எழுத வேண்டியதுதான் என்று அஞ்சலாட்சி சொல்லியனுப்பினாள். அவ்வளவுதான். "தலைப்பிரசவம் தாய்வீட்லதான்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு கலியபெருமாள் மகளை அழைத்துவரப் புறப்பட்டுவிட்டார். பேராசிரியர் மறுபேச்சுப் பேசாமல் அனுப்பிவைத்தார்.

அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். பார்வதி வேளாவேளைக்குக் கஷாயம் கொடுத்தாள். தெருப் பெண்கள் அவளைக் குடம் தூக்க விடவில்லை. அவள் எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டுக் கூடத்தில் நடந்தால், "ரொம்ப செரமப்படுது பொண்ணு" என்று கவலைப்பட்டார்கள். நான் பிழை திருத்துவதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே கிடந்தேன். எனக்கு யாரும் கஷாயம் கொடுக்கவில்லை. காப்பிகூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

முடிந்தது. சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்டுக் கட்டி வந்த அந்தப் பெரிய புத்தகத்தைப் பார்வதி முறத்தில் வைத்து, ஓரத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். மறுநாள் காலை முகூர்த்தத்தில் அதைச் சர்வகலாசாலைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்று ஆதிமூலம் நேரம் குறித்திருந்தார்.

காலையில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் புஸ்புஸ் வண்டி வந்து நின்றது. ராஜாம்பாள் இறங்கினாள். தலைப்பிரசவச் சேதி தெருப் பெண்கள் வாய்வழியாக வில்லியனூர் வரை போயிருந்தது. கையில் சர்க்கரைப் பொட்டலம், கறுப்பு வளையல், பிள்ளைக்குப் பால் புகட்டுகிற ஒரு வெள்ளிச் சங்கு.

ராஜாம்பாள் வாசற்படிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் கால் படாமல் ஒரே எட்டாகத் தாண்டி உள்ளே வந்தாள்.

"மிதிக்கமாட்டேன்னு சொன்னேன், மிதிக்கல" என்றாள். "எங்க புள்ள?"

எல்லோரும் முறத்தைக் காட்டினோம். கலியபெருமாள் சாமி மாடத்துக்குப் போய், அங்கே விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த அந்தப் பழைய எனாமல் தட்டைக் கொண்டுவந்தார். மாற்றிய தட்டை அவர் நிலையத்துக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ராஜாம்பாள் தான் கொண்டுவந்ததையெல்லாம் அதில் வைத்து அஞ்சலாட்சி கையில் கொடுத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து ஆய்வேட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பிரித்தாள். பக்கம் பக்கமாக அஞ்சலாட்சி வரைந்த நண்டுப் படங்கள். ஒரு படத்தில் நண்டு நேருக்கு நேர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டு கண்ணும் வெளியே தள்ளியபடி, கொடுக்கை மார்போடு மடக்கிக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாத மாதிரி. ராஜாம்பாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். "மூஞ்சி அப்படியே உன்னாட்டம்."

கலியபெருமாள் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். ராஜாம்பாளும் அழுதாள். அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கரித்தது, அதை மறைக்க ஆதிமூலத்தின் மேல் எரிந்து விழுந்தேன்.

"பேரு வெச்சாச்சா?" என்று கேட்டாள் ராஜாம்பாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இன்னும் இல்லத்தே. புது ஜாதின்னு ஒத்துக்கிட்டாங்கன்னா நான்தான் பேர் வெக்கணும். புரபசர் என்னையே யோசிக்கச் சொல்லியிருக்காரு."

"இதுல யோசிக்க என்னா இருக்குது? எங்கம்மா பேர வெய்யி. ஆயம்மா."

அஞ்சலாட்சி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் இந்தத் தடவை அவர் முடியாது என்று சொல்லத் தெரியாமல் ஆட்டவில்லை. அவள் ஆய்வேட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஆதிமூலம் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குடையை எடுத்தார். "முகூர்த்தம் முடியப் போவுது, புள்ளயத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். புத்தகம் கனமாக இருந்தது, அதனால் என்னைத் தூக்கச் சொன்னார்கள்.